சிவப்பு மணி பிறந்த மலை

2187ஆம் ஆண்டு ஜனவரி பத்தொன்பதாம் நாள் முற்பகலில், காங்கேயம் மேட்டுநிலத்தின் கல்மூல ஆய்வகத்தில், முத்தாரித்துறை என்னும் மூழ்கிய கடற்கரை ஊரின் மனு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆய்வாளர் கோசலை வழக்கம்போல் கைகளைக் கழுவி, உறை அணிந்து, லேசர் கருவியை இயக்கினாள். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றை அது, அவ்வூரார் கொடுத்த சிவப்புக் கல்மணியிலிருந்து பொசுக்கி எடுக்கும். அத்துகளில் கலந்துள்ள அரிய தனிமங்களின் அளவு, கல் எந்த மலையில் பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். இதற்குக் கல்ரேகை என்று பெயர். கடல் ஏறி ஊர்களை விழுங்கிய பின், மேட்டுநிலங்கள் வந்தவர் எல்லாரையும் ஏற்கவில்லை. ஓர் ஊரின் தொல்புதைகுழியில் கிடைத்த அணிகலனின் கல் எந்த மண்ணுக்குரியதோ, அந்த மண்ணே அவ்வூரில் பிறந்தவர்களுக்கு இடம் தரவேண்டும். ஓர் ஊருக்கு ஒரு மணி, ஒரே முறை. அவ்விதியை வரைந்த குழுவில் கோசலையும் இருந்தாள்.

மணியைக் கொண்டுவந்தவன் மிக்கேல். அவன் மனைவி ரோசலின் வேறு ஊரில் பிறந்தவள். அவ்வூரின் கல் காங்கேயத்தோடு பொருந்தியதால், அங்கேயே பிறந்த மகளுடன் அவள் இங்கே குடியேறி ஓராண்டாகிவிட்டது. மிக்கேல் மட்டும் மிதவை முகாமில் கிடந்தான்.

“எம்பொண்டாட்டி வாசல்லயே நிக்காம்மா. எனக்கும் சேத்து உலை வைக்கலாமான்னு கேக்கா.”

“கொஞ்சம் பொறுங்க. மிஷினை அவசரப்படுத்த முடியாதுங்க.”

திரையில் கோடுகள் எழுந்தன. கோசலை அவற்றை இருமுறை படித்தாள். பிறகு மிக்கேலின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“குழியில கிடைச்ச மாலையில வேற மணி ஏதும் இருந்துச்சுங்களா?”

“இருக்கே, பைக்குள்ள. அழுக்குப் பச்சையில, பூராவும் கீறலு. பாசி பிடிச்ச பல்லு மாதிரி இருக்கும்.”

“அதை ஏனுங்க குடுக்கல?”

“என்னம்மா இப்பிடிக் கேக்கிய? விருந்தாளிக்கு மீனோட வால்துண்டையா வைப்போம்? நடுத்துண்டத்தான வைப்போம். ஊரே கூடி உக்காந்து இதப் பொறுக்குனோம்.”

கோசலைக்கு விளங்கியது. அழகிய சிவப்புக் கல் நர்மதைக்கு அப்பால் பிறந்து, வணிகர் பலரின் கைமாறி வந்தது. மற்ற ஊரார் கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தார்கள். இவர்கள் மரியாதை செய்திருந்தார்கள்.

“கல்லு வடக்கத்ததுங்க. நர்மதைக்கு அந்தாண்ட.”

“விளையாடுதியளா?” என்று சிரித்தவன், அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். “அப்ப... அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

கோசலை பச்சை மணியை வாங்கி, தன் பொறுப்பில், விதியை மீறி ஆராய்ந்தாள். அதன் கல்ரேகை காங்கேயத்துப் பாறையோடு இம்மியும் பிசகாமல் பொருந்தியது. இரண்டு முடிவுகளையும் மறைக்காமல் குடியேற்ற வாரியத்துக்கு அனுப்பினாள்.

பிப்ரவரி இரண்டாம் நாள் வாரியம் கூடியது. பொருந்தும்வரை மணிமேல் மணியாக நீட்டியவர்களைத் தடுக்கவே அவ்விதி வந்தது என்றும், அதை வரைந்தவருக்காக அதைத் தளர்த்த இயலாது என்றும் கூறி, பச்சை மணியின் முடிவை ஏற்க மறுத்தது. முத்தாரித்துறையார் அனைவரும் நர்மதைக்கு வடக்கே அனுப்பப்படுவர். ரோசலினும் மகளும் உடன்செல்ல இயலாது. அவர்கள் ஊர்க் கல்லுக்கு வடக்கே உறவில்லை. மிக்கேல் மார்ச் மாதம் தன் ஊராரோடு ரயிலேறினான். ரோசலின் மகளுடன் காங்கேயத்தில் தங்கினாள்.