பூச்சியம் காலியாக இல்லை

ஆல்பனியில் எங்கள் அலுவலகம் தரை ஓடு விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கிறது. ஜூலைக் குளிர்கால மழையில் ஹாபர் பிரிட்ஜ் பாலத்தைக் கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. சேர்வர் அறையில் ரஷ்மி குளிருக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தாள். சென்னைப் பெண். எங்களிடம் சேர்ந்து நான்கு மாதந்தான், ஆனால் கெட்டிக்காரி.

"வாங்க யூட். உங்க பழைய மெஷினுக்கு இன்னைக்குக் காரியம் பண்ணிடலாமா?" என்றாள்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன். ஈஸ்டருக்குப் பிறகு நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன், இடம் பார்த்து. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட உதடு மாதிரி எல்லாம் இருக்கிறது, ஆனால் என்னுடையதாக இல்லை.

வீட்டில் தனியாக இருக்க நேரும் நோயாளிகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான்தான் எங்கள் தொழில். அழுத்தினால் எங்களுக்கு அழைப்பு வரும், நாங்கள் ஆள் அனுப்புவோம். புதிய பொத்தான்கள் எல்லாம் வேறு இடத்துக்கு மாறிவிட்டன. பழையவை பதினொன்று மட்டும் இந்தப் பழைய சேர்வரில் மிஞ்சியிருந்தன. ஈஸ்டருக்குப் பிறகு பத்து.

சேர்வருக்குள் ஒரு ச்ரூட் இருந்தது. பயப்பட வேண்டாம், விளக்கம் சுருக்கந்தான். கணினிக்குள்ளேயே ஓர் அறையை அடைத்து, உள்ளே ஓடும் நிரலுக்கு இதுதான் முழு உலகம் என்று நம்ப வைப்பது. அந்த நிரல் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு டெர்மினல் கேட்கும். திரையும் விசைப்பலகையும் கொண்ட உண்மையான டெர்மினல் அல்ல, போலி. பேச வருபவர் உட்காரப் போடும் கதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவருக்குக் கதிரை எண் பூச்சியம், அடுத்தவருக்கு ஒன்று. அழைப்பு முடிந்தால் கதிரை திரும்பிவிடும்.

ஆனால் அடைத்த அறைக்குள் கதிரைகள் தாமாக வராது. சேர்வரை நிறுத்தி இயக்கும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒருவர் கதிரைகள் இருக்கும் கோப்புறையை உள்ளே இணைத்துவிட வேண்டும். ஒரேயொரு வரிக் கட்டளை. இணைக்காவிட்டால் மணி எதுவும் அடிக்காது. அழைப்பு வரும், டெர்மினல் இல்லை என்று பதிவேட்டில் ஒரு வரி விழும், அழைப்பு போய்விடும்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் மாலை நான் அந்த வரியை மறந்தேன்.

இவோன் அக்கா மன்னார்ப் பக்கம். எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருபவர். ஐம்பத்திரண்டு வயது, வலிப்பு நோய். லின்ஃபீல்டில் மகள் தனுஷிகாவோடு இருந்தார். அவர் கழுத்தில் பொத்தானைக் கொண்டுபோய் மாட்டிவிட்டவன் நான்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் சிநேகிதிகளோடு வெலிங்டன் போயிருந்தாள். சனிக்கிழமை குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். திங்கள் இரவு மகள் வந்து கண்டபோது உயிர் இல்லை.

செவ்வாய் காலை பதிவேட்டைத் திறந்து வாசித்தேன். அந்த வரிகளை அழித்தேன். கதிரைகளை இணைத்தேன். பொத்தானின் பற்றறி மாற்றப்படவில்லை என்று அறிக்கை எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிந்தது. சோறு தாராளமாக இருந்தது.

பற்றறி மாற்றுவது தனுஷிகாவின் பொறுப்பு. அறிக்கை வந்த பிறகு த்ரீ கிங்ஸ் பகுதியில் பார்த்த மருந்துக்கடை வேலையை விட்டாள். அம்மாவைக் கொன்றவள் தான்தான் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஆட்களைப் பார்ப்பதில்லை. நான் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், வழக்கும் வரும். சொல்லாவிட்டால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். இது தெரிந்தும் மூன்று மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக வெட்கம்கூட வரவில்லை.

அன்றைய வேலை, அந்த அறையை அப்படியே புதிய கொன்டெய்னர் ஒன்றுக்குள் மாற்றுவது. அதுவும் அடைத்த அறைதான், சுவர் மட்டும் தடிப்பு. அதற்கென்று சொந்தக் கதிரைகள் உண்டு, வெளியில் இருப்பவற்றோடு கலக்காது. ரஷ்மி இணையத் தொடர்பைத் துண்டித்து, எந்த நிரலையும் ஓட விடாமல், வெறும் அறையாக அதைத் திறந்தாள். உள்ளே ஒரு டெர்மினல் எடுத்து, எந்த எண் என்று கேட்டாள்.

ஒன்று.

"யூட், நீங்க உள்ள இருக்கீங்களா?"

"இல்லை. நான் இன்னும் கொம்பியூட்டரே திறக்கேல்லை."

"அப்போ ஜீரோல யாரு?"

பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் எது என்று தேடினாள். எதுவும் இல்லை. உரிமையாளர் பெயரைக் கேட்டாள். 'நோபடி' என்று வந்தது. ஆளை அடையாளம் தெரியாதபோது கணினி போடும் பெயர் அது. கொன்டெய்னரை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள். திறந்தாள்.

மறுபடியும் ஒன்று.

தன் சொந்த மடிக்கணினியை எடுத்து, பழைய சேர்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அதில் ஒன்று கட்டினாள். அதிலும் ஒன்றுதான் கிடைத்தது. பூச்சியத்தில் ஏற்கனவே ஒருவர்.

"கீழ கடைல ஏதாவது சமைக்கிறாங்களா?" என்று திடீரென்று கேட்டாள்.

எனக்கும் மணத்தது. புளித்துப்போன தேங்காய்ப்பால். இவோன் அக்காவின் குசினி மேசையில் மூன்று நாளாகத் தேங்காய்ப்பால் சட்டி ஒன்று திறந்தபடி கிடந்ததாக, அடக்கத்தன்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கும் என்பார்கள். கனம் எனக்கு இருந்தது. பயம் வரவில்லை. சேர்வரின் காற்றாடிகள் இரைந்துகொண்டே இருந்தன.

ரஷ்மி தன் டெர்மினலை மூடினாள். அந்தக் கோப்புறையை மட்டும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சியம் தனியாக இருந்தது.

பிறகு ஒன்று வந்தது.

இரண்டு.

மூன்று.

சிறிய இடைவெளி. பிறகு ஐந்து எண்கள் மளமளவென்று. மறுபடி இடைவெளி, இம்முறை நீளமாக. பிறகு ஒரேயொரு எண். ரஷ்மி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இந்த ஒழுங்கு தெரியும், பதிவேட்டில் வாசித்தது. மூன்று நாட்கள் அரை மணித்தியாலமாகச் சுருங்கியிருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். முடிவை நெருங்க நெருங்க இடைவெளிகள் நீண்டன. பொத்தானை அழுத்தவும் பலம் வேண்டுமே.

நாற்பதோடு நின்றது.

"ஜீரோவையும் சேர்த்தா நாற்பத்தொண்ணு," என்று ரஷ்மி கிசுகிசுத்தாள். "அது என்ன கணக்கு யூட்?"

நான் அழித்த வரிகள் நாற்பத்தொன்று. அந்த எண்ணை நான் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கும் இல்லை.

அவளிடம் சொன்னேன், எல்லாவற்றையும். மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல்தான் வாயில் வந்தது. அவள் கதிரையைப் பின்னால் தள்ளி என்னிடமிருந்து விலகி உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"போன் பண்ணுங்க. இப்பவே. நீங்க பண்ணலைன்னா நான் பண்ணுவேன்."

தனுஷிகா உடனே எடுத்தாள். "யூட் அங்கிள்?"

"தனுஷிகா, பற்றறியில பிழையில்லை. அம்மா பொத்தானை அமத்தினவ. நாற்பத்தொரு தரம் அமத்தினவ. பிழை என்ர. அதை மறைச்சதும் நான்தான்."

அவள் எழும்பி உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், "வியாழக்கிழமை நான் பற்றறி மாத்தினனான். எல்லாருக்கும் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. கடைசியில நானும் என்னை நம்பேல்லை." அவள் அழவில்லை. "நாற்பத்தொரு தரமோ?"

"ஓம்."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மை வெளியே வந்தால் ஆவி அடங்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்.

"யூட்," என்றாள் ரஷ்மி.

திரையில் நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டு.

நாற்பத்து மூன்று. இடைவெளியே இல்லாமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவோன் அக்கா பழிவாங்க வரவில்லை. என் ஒப்புதல் அவருக்கு எதற்கு? அவர் இன்னும் குசினியில்தான் கிடக்கிறார். இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளாகியும் அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"தனுஷிகா, நான் இப்ப அங்க வாறன். குசினிக்குள்ள போகவேணும்."

"ஈஸ்டருக்குப் பிறகு நான் அந்தக் கதவைத் திறக்கேல்லை, அங்கிள்."

"நான் திறக்கிறன்."

மோட்டர்வே முழுவதும் மழை. ரஷ்மி அலுவலகத்தில் திரைக்கு முன்னால் இருந்தபடி போனில் எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் அறுபது. மவுன்ட் ரொஸ்கிலைக் கடக்கும்போது தொண்ணூறு. நான் வேக எல்லைக்குள்தான் ஓட்டினேன். கைகள் தங்கள் பாட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பின.

தனுஷிகா வாசலில் வெறுங்காலோடு நின்றாள். அரைவாசியாக மெலிந்திருந்தாள். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நல்லது. அவள் சும்மா விலகி வழி விட்டாள். நனைந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குசினிக் கதவைத் திறந்தேன்.

பூட்டிக் கிடந்த குளிர். திரைச்சீலை மூடியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்கூட இல்லை.

"அக்கா," என்றேன். "வந்திட்டன்."

போனில் ரஷ்மி மூச்சை இழுத்தது கேட்டது. "குறையுது யூட். நூறு... எழுபது... முப்பது..." விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "எல்லாம் போயிடுச்சு. ஜீரோ மட்டும் அப்படியே இருக்கு."

தனுஷிகா எனக்குப் பின்னால் உள்ளே வந்தாள். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் கால் வைத்தவள், சட்டென்று பின்வாங்கினாள்.

"அங்கிள், இஞ்ச சுடுது."

"எங்க?"

"அம்மா கிடந்த இடம்."

முழங்காலில் நின்று கையை வைத்தேன். தரை முழுவதும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும் இளஞ்சூடு, ஓர் ஆள் நீளத்துக்கு. இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கை மாதிரி. அப்போது எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. சத்தம் போட்டு அழுதேன், தனுஷிகா பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

ஆள் எழுந்துபோன சூடு என்றால் ஆறிவிடும். சுவரோரமாக இருந்து காத்திருந்தோம். மழை விட்டது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி கை வைத்துப் பார்த்தேன். சூடு அப்படியே இருந்தது.

"நான் பற்றறி மாத்தினனான் அம்மா," என்று தனுஷிகா தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அந்தச் சூட்டின் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பல நாள் தூக்கம் இல்லாதவள். சுருக்காகவே மூச்சு சீரானது.

அவளை எழுப்பவா விடவா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய நெற்றியில் விழுந்து கிடந்த முடி மெல்ல விலகியது. யாரோ ஒதுக்குவதுபோல், நிதானமாக, காதுக்குப் பின்னால் போய் நின்றது.

ஜன்னல் பூட்டியிருந்தது. தனுஷிகாவின் கைகள் இரண்டும் அவளுடைய நெஞ்சின் மேல்தான் இருந்தன.