கானா கம்பனிக்கு ஒரு பிரேதம்!

"ஐயோ... டிரெக்டர் சேர் செத்துட்டாருங்கோ!"

ரப்பர் ஸ்டோர் காவல்காரர் நாகலிங்கம் போட்ட அலறலில் ருவான்வெல்லை பஜாரே திரும்பிப் பார்த்திருக்கும்!

கிளார்க் கிருஷ்ணகுமாரி பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஷீட் உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் டிரெக்டர் கஜீவன் மல்லாந்து கிடந்தார். டை கூடக் கலையவில்லை.

அசைவில்லை!

இன்றைக்குப் பார்த்தா இந்த மனுஷன் சாக வேண்டும்?

பத்து மணிக்குக் கம்பனியின் கானா நாட்டுப் பங்குதாரர் அபெனா வருகிறாள். அங்கே திறக்கப்போகும் ரப்பர் ஃபெக்டரிக்கு யார் மெனேஜர் என்று அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். கிருஷ்ணகுமாரி மூன்று தடவை விண்ணப்பம் போட்டாள். மூன்றையும் கஜீவன் குப்பைக்கூடையில் போட்டார். அந்த நாற்காலி அவருடைய மச்சான் மதுசனுக்காம்!

மதுசன் கோட்டும் சூட்டுமாய் ஓடி வந்தான்.

"ஒருத்தரும் பதற வேண்டாம்! இனி நான்தான் லீடர். முதல்ல ஒரு மீட்டிங் வைப்பம். ப்ரொஜெக்டர் எங்க?"

"பொணத்த நடுவுல போட்டுட்டு மீட்டிங்கா?" என்றார் நாகலிங்கம்.

கிருஷ்ணகுமாரி குனிந்து கஜீவனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். நிமிர்ந்தாள்.

"நாகலிங்கம் அண்ணே... சங்கத்து மணிய அடிங்க!"

மரண உதவிச் சங்கம்! ஏழு வருஷமாய் அவள்தான் செக்ரட்டரி. ரப்பர் தோட்டத்தில் ஓர் உயிர் போனால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

"மேல் லயத்து வீட்டாளுங்க பந்தல்! கீழ் லயத்து ஆளுங்க ப்ளேன்டீ! தப்புக்காரங்களுக்கு ஆள் போயாச்சா? நுஹ்மான் நானா, லொறிய எடுங்க... பெட்டி வேணும்!"

"சரி தங்கச்சி, இந்தா வாறன்!"

ஒரு மணி நேரம்... ஒரே மணி நேரம்!

வெள்ளைக்கொடி பறந்தது. பந்தல் நின்றது. கஜீவன் பெட்டிக்குள் ஏறிவிட்டார். தப்பு மேளம் அதிர்ந்தது. முந்நூறு பேர் ப்ளேன்டீ குடித்து முடித்தார்கள்.

மதுசன் மட்டும் ப்ரொஜெக்டருக்கு வயர் தேடிக்கொண்டிருந்தான்!

ஜீப் வந்து நின்றது. அபெனா இறங்கினாள். வாயைப் பிளந்தாள்.

"எங்கள் ஊரில் ஒரு சாவுச் சடங்குக்கு மாதக்கணக்காய்த் திட்டம் போடுவோம்..." என்றாள் இங்கிலீஷில். "ஒரு மணி நேரத்திலா? யார் இதற்குத் தலைவர்?"

முந்நூறு விரல்கள் கிருஷ்ணகுமாரியைக் காட்டின.

"என் மெனேஜர் கிடைத்துவிட்டாள்!"

தடால்!

பெட்டிக்குள் கஜீவன் எழுந்து உட்கார்ந்தார்!

"நில்லுங்கோ! நான் சாகேல்லை! தலைவன் இல்லாட்டி கம்பனியை ஆர் நடத்துவினம் எண்டு ஒரு பரீட்சை வச்சனான். அட மதுசன்! நீ வெல்லுவாய் எண்டெல்லோ இவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்!"

தப்புக்காரர்கள் தப்பைப் போட்டுவிட்டு ரப்பர் காட்டுக்குள் பறந்தார்கள். கிருஷ்ணகுமாரி மட்டும் இமைக்கவில்லை.

"உமக்குப் பயமில்லையோ?" என்றார் கஜீவன்.

"எதுக்குங்க சேர்? தொட்டப்பவே நாடி குதிச்சிச்சே! உசுரோடதான் இருக்கீங்கன்னு அப்பவே தெரியும்."

"பிறகேன் என்னைப் பெட்டிக்குள்ள வச்சனீர்?!"

"வேலை எனக்கு வேணும்ல?"

அபெனாவுக்குக் கைகொடுத்துக்கொண்டே அவள் திரும்பினாள்.

"எழும்பாதீங்க சேர்... படுங்க! குழியும் வெட்டியாச்சு. வேலைய பாதியில விட்டா கானாக்காரங்க என்னைய பத்தி என்ன நெனைப்பாங்க?"