இருபத்திரண்டாம் பக்கத்துப் பிணம்

லேண்ட்லைன் அலறியபோது அவள் ரத்தத்துக்குச் சரியான சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பதற வேண்டாம். கம்ப்யூட்டர் திரையில்தான்.

அவள் காமிக்ஸுக்கு வண்ணம் போடுகிறவள். முகமூடி மாட்டிய துப்பறிவாளன் ஒருவன் மாதம் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கும் புத்தகம் அது. இந்த மாதத்து இருபத்திரண்டு பக்கங்களையும் நேற்றே முடித்து அனுப்பிவிட்டாள். அட்டை மட்டும் பாக்கி. அதற்காகக் காலை ஒன்பது மணிக்கே மேஜைக்கு வந்துவிட்டாள்.

ரிசீவரை எடுத்தாள். எடிட்டர்.

செல்ஃபோன் இருந்தாலும் லேண்ட்லைனில்தான் கூப்பிடுவார். கத்துவதற்கு அதுதான் வசதியாம். நேற்று சாயங்காலம்கூட அவளைப் பிடித்து ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். இன்று கத்தவில்லை. அதுவே அவளுக்குப் புதுசு.

"ஓவியர் செத்துட்டாரும்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலம். அவர் வீட்டு மாடிப்படியில... யாரோ தள்ளிவிட்டிருக்காங்க."

அவள் கையிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது.

"இரு, வெச்சிடாதே..." எடிட்டர் எச்சில் விழுங்குவது கேட்டது. "உங்கண்ணனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கு."

* * *

ஒரு காமிக்ஸ் பிறக்க ஐந்து பேர் வேண்டும்.

முதலில் கதாசிரியர் எழுதுவார். இங்கே அது அவளுடைய சொந்த அண்ணன். ஓவியர் அதைப் படித்துப் பென்சிலில் வரைந்து, மேலே இங்க் போடுவார். படம் நேராக இவளுக்கு வரும். இவள் வண்ணம் போட்டுப் பலூன்காரருக்கு அனுப்புவாள். பலூன்காரர் என்பது பட்டப்பெயர். பாத்திரங்களின் வாயருகே வெள்ளைப் பலூன் வைத்து, உள்ளே வசனம் எழுதுகிறவர். பதினான்கு வருஷமாக அதே வேலை. கடைசியாக எடிட்டர். நான்கு பேரையும் திட்டுவது அவருடைய பங்கு.

கூட்டு வேலை என்றால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பல்லைக் கடிப்பது சகஜம். அண்ணனும் ஓவியரும் பல்லைக் கடிப்பதோடு நிற்கவில்லை. போன மாதம் ஆபீஸில் எல்லோரும் பார்க்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் எழுதிய முடிவை ஓவியர் தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைந்துவிட்டார். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"உன்னைக் கதையிலயே கொல்றேன், பாரு!" என்று கத்திவிட்டு வெளியேறினான்.

சொன்னபடியே செய்தான். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஓர் ஓவியன் மாடிப்படியின் கீழே செத்துக் கிடப்பதாக எழுதினான். ஓவியர் மட்டும் லேசுப்பட்டவரா? சிரித்துக்கொண்டே தன் முகத்தையும் தன் வீட்டுப் படிக்கட்டையுமே வரைந்து கொடுத்தார்.

பாவம், அதுதான் அவர் கடைசியாக வரைந்த படம்.

* * *

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தார். ஒன்று அண்ணனின் ஸ்கிரிப்ட். மற்றது போலீஸ் எடுத்த ஃபோட்டோ.

ஸ்கிரிப்டை அவள் படிக்கவே வேண்டாம். மனப்பாடம்.

'பக்கம் 22. பக்கம் முழுக்க ஒரே படம். படிக்கட்டின் கீழே ஓவியன் மல்லாந்து கிடக்கிறான். ஒரு செருப்பு காலில். இன்னொன்று மூன்றாம் படியில். மணிக்கட்டில் உடைந்த வாட்ச்.'

ஃபோட்டோவைப் பார்த்தாள்.

மல்லாந்து கிடந்தார். ஒரு செருப்பு காலில். இன்னொன்று மூன்றாம் படியில். மணிக்கட்டில் உடைந்த வாட்ச்...

ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமாக அடுக்கினார். ஓவியரின் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம். ஆறேகாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 'தடால்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறார். உருண்டு விழுந்தவரின் செருப்பு அவ்வளவு ஒழுங்காக ஒரு படியில் உட்காராது. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆறேகாலுக்கு அண்ணன் எங்கே இருந்தான்? அடுத்த கதையை யோசித்தபடி தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தானாம்.

"கதாசிரியர்னு பேரு. நம்பற மாதிரி ஒரு கதை சொல்லத் தெரியலை," என்றார். "அஞ்சு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தறேன்."

கம்பிக்குப் பின்னால் அண்ணன் ஒரே நாளில் பத்து வயது கூடியவனாக நின்றான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன். வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தவன். அவனைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை.

"நான் செய்யலைடி," என்றான். "எனக்குக் காகிதத்துல கொல்றதுக்கே கை நடுங்கும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணா. நீ சும்மா இரு. நான் பார்த்துக்கறேன்."

எதைப் பார்ப்பது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படம் பார்ப்பதுதான். திரும்பி வந்து ஃபோட்டோவை மறுபடி பார்த்தாள்.

பார்த்தவள்... நிமிர்ந்தாள்.

"சார், வாட்ச் வலது கையில இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அவர் இடது கையிலதான் கட்டுவார். படத்துலயும் அப்படித்தான் வரைஞ்சிருந்தார். செருப்பும் மாறியிருக்கு சார். படத்துல படிமேல இருந்தது வலது கால் செருப்பு. இங்க இடது கால் செருப்பு."

இன்ஸ்பெக்டர் அலட்சியமாகத்தான் ஃபோனை எடுத்தார். ஓவியரின் மனைவியோடு பேசி வைத்தபோது அந்த அலட்சியம் இல்லை. இருபது வருஷமாக இடது கைதான் என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே சொல்லியிருந்தார். ஆக, செத்தவர் கையிலிருந்து வாட்சை அவிழ்த்து அடுத்த கையில் கட்டியிருக்கிறான் ஒருவன்.

"எதுக்கும்மா இந்த மெனக்கெடல்?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்ணம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் தப்பு கண்ணில் படாது. அதனால் கம்ப்யூட்டரில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும். பிறகு பழையபடி திருப்பிவிட வேண்டும்.

அவள் அதை அடிக்கடி மறப்பாள். ஏழு வருஷமாக அண்ணன் திட்டுகிறான். 'நீயும் உன் ஞாபகமும்' என்று தலையில் அடித்துக்கொள்வான்.

நேற்றும் மறந்தாள். இருபத்திரண்டாம் பக்கம். திருப்பிய படத்தை அப்படியே பலூன்காரருக்கு அனுப்பினாள். மணி ஐந்து நாற்பது. மற்ற பக்கமாக இருந்தால் கட்டங்கள் இடம் மாறிக் காட்டிக்கொடுத்திருக்கும். இது பக்கம் முழுக்க ஒரே படம். அசலைப் பார்க்காதவர்களுக்கு எதுவும் தெரியாது.

"பலூன்காரர் அசலைப் பார்க்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்கு அசல் போகாது சார். ஸ்கிரிப்ட்டும் போகாது. வசனமும் நான் அனுப்பற படமும்தான். கொலை செஞ்சவர் எங்க அண்ணன் எழுதினதைப் பார்த்துச் செய்யலை. நான் தப்பா அனுப்பின படத்தைப் பார்த்துச் செஞ்சிருக்கார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்தார்.

"சரி. அந்தத் தப்பான படத்தைப் பார்த்தது பலூன்காரர். அப்புறம்?"

"அப்புறம் யாரும் இல்லை சார்."

"நீங்க?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

அண்ணனின் சட்டையைப் பிடித்த ஓவியர்மேல் தங்கைக்குக் கோபம் இருக்காதா என்று கேட்டார். ஆறேகாலுக்கு எங்கே என்று கேட்டார். வீட்டில் தனியாக என்றாள். குடும்பமே தனியாகத்தான் இருக்குமா என்றார். பதற்றத்தில் அவளுக்கு நேற்று நடந்தது முழுதும் ஞாபகம் வரவில்லை.

"ஒரு மணி நேரம் தர்றேன். உங்க ரெண்டு பேர்ல யாருன்னு நீங்களே வந்து சொல்லுங்க. ஊரைத் தாண்டினா, அண்ணன் பக்கத்து அறை காலியாத்தான் இருக்கு."

தெருவில் இறங்கிப் பத்தடி நடந்தவள் சட்டென்று நின்றாள்.

ஏதோ ஞாபகம் வந்தது. செல்ஃபோனை எடுத்து எடிட்டரிடம் ஒரு நிமிஷம் பேசினாள். பிறகு ஓவியரின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த பலூன்காரரின் கட்டடத்துக்கு வேகமாக நடந்தாள்.

* * *

மூன்றாம் மாடி. பலூன்காரரே கதவைத் திறந்தார். சாதுவான மனிதர். பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

அறை பளிச்சென்று இருந்தது. பேனாக்கள் உயரவாரியாக நின்றன. பக்கத்தில் இரும்பு ஸ்கேல். அதன் பக்கத்தில் காகிதம் வெட்டும் கத்தி. திரையில் இருபத்திரண்டாம் பக்கம் பலூன்களோடு தயாராக இருந்தது. பிணத்தின் தலைக்கு மேலே முகமூடித் துப்பறிவாளனின் பலூன்: 'கொலைகாரன் ஒரே ஒரு தப்பு செய்திருக்கிறான்...'

அவள் பிணத்தின் கையைப் பார்த்தாள். வாட்ச் வலது கையில்.

பலூன்காரர் அண்ணனுக்காக வருத்தப்பட்டார். ஓவியருக்காகவும் வருத்தப்பட்டார். நேற்று ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, போலீஸிடமும் அதைத்தான் சொன்னேன் என்றார்.

"அண்ணே, இந்தப் படம் இடம் வலமா திரும்பியிருக்கு. நான் செஞ்ச தப்பு," என்றாள் அவள். "ஓவியர் பிணத்துலயும் வாட்ச் வலது கையிலதான் இருக்கு."

அவர் எழுந்து போனார். கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அந்த முகமூடியை முதல்ல வரைஞ்சது யார் தெரியுமா?" குரல் அப்போதும் உயரவில்லை. "நான். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பக்கத்தோட ஓரத்துல. ஓவியன் பார்த்தான், எடுத்துக்கிட்டான். போன வாரம் பேட்டியில சொல்றான், அது அவன் கனவுல வந்ததாம்! நேர்ல போய்க் கேட்டேன். சிரிக்கிறான். 'நீ பலூன் ஊதுறவன், ஊதிட்டுப் போ'ங்கறான். அடுத்த மாசத்துலேருந்து அதுவும் வேண்டாம், கம்ப்யூட்டர் எழுத்தே போதும்னு எடிட்டர்கிட்ட சொல்லிட்டானாம்."

அவர் கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் பதம் பார்த்தார்.

"நேத்து இந்தப் படம் வந்துது. அவன் மூஞ்சி. அவன் வீட்டுப் படி. பார்த்துக்கிட்டே இருந்தேன்... எழுதினவன் மேல பழி போகும்னு தோணுச்சு. போனேன். படத்துல இருந்த மாதிரியே ஒண்ணு விடாம வெச்சேன். இடது வலது யோசிக்கவே இல்லை."

"எங்க அண்ணன் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யலை. நல்ல மனுஷன். அதனாலதான் உன்கிட்ட நியாயமா பேசறேன். திருப்பின படத்தைப் பார்த்தது நீயும் நானும்தான். நான் இந்த நாற்காலியில இருந்தேன்னு சொல்லியாச்சு. நீ வாயைத் திறந்தா அண்ணனுக்குப் பதிலா தங்கச்சி. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். திரையைக் காட்டினாள்.

"உங்க மெயிலைத் திறங்க அண்ணே."

"என்ன?"

"நேத்து வந்ததுல படிக்காம ஒண்ணு கிடக்கும். திறங்க."

அவர் சந்தேகத்தோடு திறந்தார். படிக்காத கடிதம் ஒன்று கறுத்த எழுத்தில் கிடந்தது. நேரம்: மாலை 6.10.

'சாரி அண்ணே! 22-ம் பக்கம் திரும்பியிருக்கு. பழையதைத் தூக்கிப் போட்டுட்டு இதை வெச்சுக்கங்க.'

கீழே சரியான படம். வாட்ச் இடது கையில்.

"என் தப்புக்கு ஆயுசு அரை மணி நேரம்," என்றாள் அவள். "ஆறு மணியிலேருந்து நாற்காலியில இருந்தவர் இதைப் பார்த்திருப்பார். படத்தை மாத்தியிருப்பார். நீங்க இன்னும் பழைய படத்துக்கே பலூன் வெச்சிருக்கீங்க. தப்புன்னு ஆறு பத்துக்கே எனக்குத் தெரியும். தப்புன்னு தெரியாம பிணத்துக்கு வாட்ச் கட்டினது நீங்க ஒருத்தர்தான்."

பலூன்காரரின் கை மௌஸுக்குப் பாய்ந்தது. கடிதம் அழிந்தது.

"எங்க இருக்கு இப்போ?" என்று சிரித்தார்.

"எடிட்டர்கிட்ட. திருத்தம் எது அனுப்பினாலும் அவருக்கு ஒரு காப்பி போகணும்ல? போச்சு. ஆறு பன்னிரண்டுக்கு என் லேண்ட்லைன்ல கூப்பிட்டு, ஆறு இருபத்தஞ்சு வரைக்கும் திட்டினார். ஓவியர் விழுந்தப்போ நான் பேச்சு வாங்கிட்டிருந்தேன் அண்ணே."

சிரிப்பு நின்றது. கத்தி மேஜையைச் சுற்றி அவளை நோக்கி வந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது.

கதவு அதிர்ந்தது. ஒரு முறை... இரண்டு முறை... மூன்றாம் உதையில் தாழ் பிய்த்துக்கொண்டு விழ, இரண்டு போலீஸ்காரர்களும் இன்ஸ்பெக்டரும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு எடிட்டர். கையில் அந்தக் கடிதத்தின் நகல். தெருவில் அவள் சொன்னபடி நேராக ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.

கத்தியைப் பிடுங்கினார்கள். பலூன்காரர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஊருக்கே வசனம் எழுதறவர்," என்றார் இன்ஸ்பெக்டர். "சொந்தப் பலூன் காலியா இருக்கே."

* * *

நான்கு மணிக்கு அண்ணனை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். அவளும் அழுதாள். எடிட்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அட்டை எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டார்.

"இனிமே நீ படத்தைத் திருப்பி வைக்க மறந்தா, சத்தியமா ஒரு வார்த்தை திட்டமாட்டேன்," என்றான் அண்ணன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டு, பரவாயில்லை. ஆனா அடுத்த பிணத்துக்கு ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டி எழுதிடுண்ணா... நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியா இருக்கும்!"