கிரே வார்டு, மூன்றாம் பாகம்

பூட்ஸ் போட்ட ஆள் நடக்கும்போது ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டது. முஜிபுர் ரஹ்மான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்கவிட்டான். திரையில் ஆஸ்பத்திரி நடைபாதை, டார்ச் வெளிச்சம், பக்கத்தில் பூட்ஸோடு துணைக்கு வரும் சிப்பாய். காதிலோ தேய்ந்த ஹவாய் செருப்பு ஈரத் தரையில் சளக் சளக் என்று அடித்துக்கொண்டு வந்தது. நோட்டில் எழுதினான்: 'ஒலியில் கோளாறு. அரை மதிப்பெண் குறைக்கலாம்.'

சென்னையிலிருந்து வரும் கம்ப்யூட்டர் மாத இதழுக்கு அவன்தான் கேம் விமர்சனம் எழுதுகிறவன். நாலு மணிக்குள் மெயில் போகாவிட்டால் ஆசிரியர் ஏசுதாசன் சார் அந்தப் பக்கத்தில் மோடம் விளம்பரத்தைப் போட்டுவிடுவார். கடையடைப்பு என்பதால் உத்தமபாளையம் கடைவீதியில் ஈ காக்கை இல்லை, பஸ்ஸும் ஓடவில்லை. நேற்றே கம்பத்து வீட்டுக்குப் போகாமல் தன் பிரவுசிங் சென்டரிலேயே தங்கிவிட்டவன், காலையிலிருந்து ஷட்டரை இறக்கிவிட்டு, மழைச் சத்தத்தையும் யுபிஎஸ்ஸின் முனகலையும் பழைய கார்ப்பெட்டின் ஈர வாடையையும் தவிர வேறு துணையில்லாமல் ஆறாம் நம்பர் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

கிரே வார்டு என்கிற இந்தப் பேய் கேமின் முதல் இரண்டு பாகங்களை அவன் தனியாக விளையாடவில்லை. அண்ணன் அஸ்லம் கூட இருந்தான். முதல் பாகத்தில் ஒன்றுமே வராது. காலி நடைபாதையும் சொட்டுகிற குழாயும்தான். அதற்கே இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்தில் கையில் துப்பாக்கி வந்துவிட்டது. "பேயச் சுட முடியும்னா அப்புறம் என்னடா பேயி? பேசாம காடை சுடப் போகலாம்" என்று அஸ்லம் சொன்னதை அப்படியே விமர்சனத்தில் போட்டு, நாலு வாசகர் கடிதம் வாங்கினான் முஜிபுர்.

பிறகு அஸ்லம் சவூதிக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போனான். எட்டாவது மாதம் லாரி மோதி இறந்தான், அடக்கமும் அங்கேயே ஆனது. முகம் பார்க்கக்கூட கொடுத்துவைக்கவில்லையே என்று இரண்டு வருடமாக அம்மா அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முஜிபுர் சொல்வதில்லை. ஆனால் மூன்றாம் பாகத்தின் டிவிடி நாலு மாதம் உறை பிரிக்காமலே கிடந்தது. அண்ணன் இல்லாமல் விளையாட மனசு வரவில்லை.

'மூன்றாம் பாகம் முதல் பாகத்தின் அமைதிக்குத் திரும்பியிருக்கிறது,' என்று எழுதினான். 'துணைக்கு வருகிறவன் நம்மை விட்டு விலகுவதே இல்லை. அதுதான் பயம்.' எழுதியதைப் படித்துப் பார்த்தான். பயம் என்பதை அடித்துவிட்டு ஆறுதல் என்று மாற்றினான்.

சிப்பாய் ஒவ்வொரு கதவிலும் புறங்கையால் இரண்டு தட்டு தட்டினான். நேற்று வரை தட்டவில்லை. அஸ்லம் அப்படித்தான் தட்டுவான். முஜிபுர் அதை நோட்டில் எழுதவில்லை.

கடைசிக் கதவு. சிப்பாய் நின்றான். செருப்புச் சத்தம் நின்றது. மழையும் நின்றிருந்தது, எப்போது என்று தெரியவில்லை.

ஹெட்போனில் மூச்சு. அப்புறம் தமிழ்.

"முஜீ, வரட்டுமாடா?"

அப்போதெல்லாம் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அஸ்லம்தான் முதலில் வீட்டுக்குக் கிளம்புவான். ஷட்டருக்கு வெளியே நின்று இதைத்தான் கேட்பான். சொல்லாமல் கொள்ளாமல் போனவன் இப்போது விடை கேட்கிறான். பயத்தை அழுகை முந்திக்கொண்டது. வாய்க்கு எதிரே நீண்டிருந்த மைக்கில், தினமும் சொன்னதையே சொன்னான்.

"சரி, வாண்ணே."

கதவு திறந்தது. சிப்பாய் உள்ளே போனான். நடைபாதை காலி.

முஜிபுர் ஹெட்போனைக் கழற்றி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நெஞ்சு லேசாகிவிட்டது போலிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. போகிறவனிடம் சொல்வதும் வா. வருகிறவனிடம் சொல்வதும் வாதான். அவன் எதற்குக் கேட்டான்?

ஷட்டரைப் பார்த்தான். யாரும் தட்டவில்லை.

செல்போன் அடித்தது. அம்மா.

"ஏலே முஜீ, அண்ணன் வந்துட்டான்டா! செத்துட்டான்னு சொன்னவுக வாயில மண்ணு விழ. பஸ்ஸே ஓடலன்னு சொன்னாக, எப்பிடித்தான் வந்தானோ, தொப்பலா நனைஞ்சு..."

"அம்மா, கதவச் சாத்து."

"எதுக்குடா சாத்த? இங்கன என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கான். கைதான் சில்லுன்னு கெடக்கு." அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. "சோறு வேணாங்கிறான். என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தானாம். வெளிய போறதுக்கு வெள்ளைத் துப்பட்டியப் போத்திக்கிட்டேன். வரட்டுமாடா?"

"போகாதம்மா! அவன் கைய விடு! அம்மா!"

போன் தரையில் விழுந்த சத்தம். திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கம்பத்துக்குப் பத்து கிலோமீட்டர். பஸ் இல்லை. ஷட்டரைத் தூக்கக் குனிந்தவனின் நிழல் ஷட்டரில் அசைந்தது. பின்னால் வெளிச்சம் மாறியிருந்தது.

திரும்பினான்.

மவுஸை யாரும் தொடவில்லை. திரை தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நீளமான நடைபாதை. சிப்பாய் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய குள்ளமான ஒருத்தி, அவன் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல், வெறுங்காலோடு, ஓட்டமும் நடையுமாக.