தம்பி எங்கே என்று கேட்கும் இடம்

ஒரு குரல் கூடுதலாக இருந்தது.

மாய்தேயி கதையின் முதல் வரியைச் சொன்னதும் பாயில் கிடந்த அவளுடைய இரண்டு பையன்களும் வழக்கம்போல "செப்புந்தே" என்றார்கள். கேட்பவர்கள் வரிக்கு வரி அப்படிச் சொன்னால்தான் கதை அடுத்த அடி எடுத்து வைக்கும். ஆனால் அந்தக் கீச்சுக் குரல்களுக்கு அடியில் ஒரு ஆண்குரலும் அதையே சொன்னதை அவள் புருஷன் மாவூரா கேட்டான். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வட்டமான சமையல் குடிசையில், ஆண்கள் உட்காரும் வலப்பக்க மண் மேடையில், அவனைத் தவிர வேறு ஆளும் இல்லை.

குடித்த அறுவடைப் பீர்தான் இப்படிக் கேட்கவைக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அடுப்பில் முபானி மரக்கட்டை மெதுவாகக் கனன்றது. சோளக்களி அடிப்பிடித்த வாசனையும் புதிதாக மெழுகிய சாண வாசனையும் புகையோடு கூரைக்கு ஏறின. புகைபிடித்துக் கறுத்த கழிகளுக்குள் ஏதோ பூச்சி விடாமல் மரத்தை அரித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தங்கரை நிலத்த அப்பன் எளையவனுக்குக் குடுத்துட்டான்" என்றாள் மாய்தேயி.

"செப்புந்தே."

இந்த முறை அது அவன் காதோரத்தில் கேட்டது. கூடவே ஈரமண் வாசனை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். யார் சொன்னாலும் அதில் அண்ணன் தம்பியைக் கொல்வான். சின்ன வயதில் மாவூராவும் தம்பி தபேராவும் ஒரே போர்வைக்குள் படுத்து அதைக் கேட்டிருக்கிறார்கள். "நீ என்னயக் கொல்லுவியாண்ணா?" என்று தபேரா கேட்பான். மாவூரா அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவான். வளர்ந்த பிறகு ஆற்றங்கரை நிலத்துக்காக அவனைக் கொன்றும்விட்டான். தங்கம் தோண்டிக் கைவிட்ட குழி ஒன்றில் தள்ளி, மேலே கல்லைப் போட்டான். தம்பி ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரிடம் சொன்னான். ஊர் நம்பியது. மாய்தேயியும் நம்பினாள், பாவம்.

கொலையுண்டவன் கொன்றவனைத் தொட மாட்டான், அவன் பிள்ளைகளைத்தான் எடுப்பான் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வீட்டார் முன்னால் உண்மையை வாய்விட்டுச் சொல்லி, ஈடாக மாடு கொடுத்தால் அடங்குவான். சொல்லாதவரை அடங்க மாட்டான்.

"அண்ணன் பின்னாலேர்ந்து அடிச்சான். கோடாலிக் காம்பால. பிடரியில."

மாவூரா தபேராவை அடித்ததும் அப்படித்தான். கதையில் எப்போதும் ஈட்டிதான் வரும். கோடாலிக் காம்பை யார் சொல்லித் தந்தது என்று கேட்டான். எப்பவும் இப்படித்தானே சொல்றோம் என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடியே.

"போதும். யாரும் பதில் சொல்லாதீங்க" என்றான் மாவூரா.

பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பூச்சியும் அரிப்பதை நிறுத்தியது.

"செப்புந்தே."

ஒற்றைக் குரல். நிதானமாக. அவன் தோளை ஒட்டி.

மாய்தேயி தொடர்ந்தாள். அவள் உதடுகள் அசைந்தன, கண்கள் அசையவில்லை. "அண்ணன் தனியா வீட்டுக்கு வந்தான். தம்பி எங்கடான்னு ஆத்தா கேட்டா."

அங்கே நின்றுவிட்டாள்.

பெரியவன் தவாண்டா அப்பனைப் பார்த்தான். சின்னவன் பட்சிராயும் பார்த்தான். கதை அவனுக்காகக் காத்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். பிள்ளைகள் பிழைப்பார்கள். ஆனால் நிலம் போகும். மானம் போகும். மாய்தேயியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"ஜோகன்னஸ்பர்க் போயிட்டான்" என்றான் மாவூரா.

பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஈரவாசனை விலகியது. பாய்ப் பக்கம் போனது.

அப்பாடா என்று மூச்சு விட்டான். அவ்வளவுதான், அதற்குள் பட்சிராய் சிரித்தான். ஆறு வயதுப் பிள்ளை. வளர்ந்த ஆணின் குரல்.

"ஜோகன்னஸ்பர்க்ல ரொம்பக் குளிருண்ணா. நெஞ்சு மேல கல்லு வேற."

"அவன் உங்கள ஏன் அண்ணாங்கறான்?" என்றாள் மாய்தேயி. திடுக்கிட்டு விழித்தவள்போல இருந்தாள். "தவாண்டாப்பா, இவன் ஏன் இப்படிப் பேசறான்?"

தவாண்டா எழுந்தான். தூக்கத்தில் நடப்பவன்போல. தம்பியின் நெஞ்சில் மண்டியிட்டான். இரண்டு கைகளையும் அவன் கழுத்தைச் சுற்றி வைத்தான். மெல்ல. மிக மெல்ல.

சொல்கிறேன் என்று கத்தப் பார்த்தான் மாவூரா. நான்தான் கொன்றேன். குழியில் கிடக்கிறான். வாய் திறந்தது. நாக்கு புரண்டது. சத்தம் மட்டும் வரவில்லை. கால்கள் மண்மேடையோடு ஒட்டிக்கிடந்தன. உதடுகளுக்கு இடையிலிருந்து மண் உதிர்ந்தது. ஈர மண்.

மாய்தேயி அலறிக்கொண்டே மூத்தவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. தவாண்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. விரல்கள் இறுகின.

பட்சிராய் மட்டும் திமிறவே இல்லை. தலையைச் சாய்த்து, அப்பனையே பார்த்தபடி, சிரித்துக்கொண்டிருந்தான்.