நங்கூரத்தின் கேட் ரிஜிஸ்டர்

ஷீஜா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கு உள்ளது இல்லை. நாய்க்கு உள்ளது.

காலை ஆறரை மணி, அப்பா. எட்டேகால், ஷீஜா. மாலை நாலரை, மறுபடியும் ஷீஜா. இரவு ஒன்பதரை, அண்ணன் ஜெபின். அந்தந்த நேரத்தில் அந்தந்த ஆள் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் காலி மனைக்குப் போக வேண்டும். அங்கே முள்ளும் நிழலுமாக ஓர் உடைமரம் நிற்கிறது. அதன் அடியில் நாய் தன் வேலையை முடித்ததும் கூட்டி வந்துவிட வேண்டும்.

ஷீஜா அதை அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, நேரத்தைச் சிவப்பிலும் பெயரை நீலத்திலும் எழுதியிருந்தாள். நாய்க்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

நாயின் பெயர் நங்கூரம். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா கிருபாநிதி அதைக் கொண்டு வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் அவருக்கு வேலை. அங்கே ஒரு லாரிக்கு அடியில் இந்தக் குட்டி உட்கார்ந்திருந்ததாம். டிரைவர் ஹாரன் அடித்தார், நகரவில்லை. கிளீனர் சத்தம் போட்டார், நகரவில்லை. கடைசியில் அப்பா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான் என்பதால் அந்தப் பெயர்.

அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது. அப்பாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். ஜெபினுக்குப் பாலிடெக்னிக், அது முடிந்தால் கால்பந்து. ஷீஜாவுக்கு ஆறாம் வகுப்பு, அது முடிந்தால் டியூஷன். அம்மா ஜீவமணி அறிவியல் டீச்சர். ஐந்து மணிக்கு முன்பே எழுந்து சமைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அட்டவணையில் அம்மாவின் பெயர் இல்லை. ஷீஜா கேட்டுப் பார்த்தாள். தனக்கும் இந்த நாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அட்டவணைப்படி எல்லாரும் நடந்தார்கள். நங்கூரமும் உடைமரத்துக்கு ஒழுங்காகப் போய்வந்தது. ஆனாலும் தினமும் விடியற்காலையில் வீட்டுக்குள் எங்காவது ஒரு சின்னக் குளம் கிடந்தது. ஒருநாள் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே. ஒருநாள் ஜெபினின் கால்பந்து பூட்ஸுக்குள்ளேயே.

புதன்கிழமை அது விடைத்தாள் கட்டின் மேல் கிடந்தது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள். இரவெல்லாம் திருத்தி, நூல் போட்டுக் கட்டி, கையோடு எடுத்துப் போக அம்மா ஹாலில் வைத்திருந்தாள். அவள் ஈரத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். மேலே இருந்த கேள்வி, 'சிறுநீரகத்தின் பணிகள் யாவை?'

"செய்முறைத் தேர்வு முடிஞ்சிட்டு போல," என்றான் ஜெபின்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெபினும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"ஏளா ஷீஜா, நல்லா கேட்டுக்கோ," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கெழமை சாத்தான்குளத்துல இருந்து ஒங்க பெரியப்பா வேன்ல வாராவ. அன்னைக்கு விடியக்காலம் வீட்டுக்குள்ள ஈரம் கெடந்துதுன்னா, நாய வேன்ல ஏத்தி விட்ருவேன். அவுக விளையில கெடந்து ஓடட்டும்."

பெரியப்பாவின் விளை என்றால் பெரிய தோட்டம். அங்கே ஏற்கெனவே மூன்று நாய்கள் இருந்தன. மூன்றும் பனைமர உயரத்துக்குக் குரைக்கும். நங்கூரத்துக்கு இன்னும் ஒழுங்காகக் குரைக்கவே வரவில்லை. ஷீஜா அதைப் பார்த்தாள். அது வாசல்படிக்குக் குறுக்கே உட்கார்ந்து தன் வாலை யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அப்பாவிடம் ஒரு நீள நோட்டு வாங்கினாள். அப்பாவின் கிடங்கு வாசலில் இதேபோல ஒரு நோட்டு உண்டு, கேட் ரிஜிஸ்டர் என்பார்கள். எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, சரக்கோடு போனதா, காலியாகப் போனதா, எல்லாம் அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியாது என்பார் அப்பா.

ஷீஜாவும் கோடு போட்டாள். தேதி, நேரம், இடம், சரக்கு, கையெழுத்து. சரக்கை எப்படி எழுதுவது என்று அப்பாவிடம் கேட்டாள். கப்பலில் வரும் எண்ணெய்க்குத் திரவச் சரக்கு என்று பெயர், நிலக்கரிக்கு மொத்தச் சரக்கு என்று பெயர் என்று சொன்னார். ஷீஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நோட்டைக் கதவோரம் ஆணியில் தொங்கவிட்டு, பேனாவை நூலில் கட்டினாள்.

முதல் நாளே ஜெபின் எழுதினான்: 'இரவு 9.30. உடைமரம். திரவம், மொத்தம், இரண்டும் இறங்கியது. கப்பல் காலி.'

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஹாலில் குளம். வெள்ளிக்கிழமை ஐந்து இருபத்தைந்துக்கு ஹாலில் குளம். இரண்டும் திரவம். பகல் முழுவதும் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஷீஜா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒன்பதரைக்குக் காலி. ஐந்தரைக்குச் சரக்கு. காலியாக நிறுத்திய லாரி, காலையில் பாரத்தோடு நின்றால், நடுவில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தண்ணீர்க் கிண்ணத்தை அவளே இரவில் எடுத்து வைத்துவிடுகிறாள். அப்பா அந்த நேரம் கிடங்கு வாசலில் இருப்பார். ஜெபின், காதுக்குப் பக்கத்தில் கப்பல் சங்கு ஊதினாலும் ஏழு மணிக்கு முன்னால் எழமாட்டான். மிச்சம் யார்?

மிச்சம் இருந்த ஆளை அவளால் நம்ப முடியவில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தாள். மற்றவர்களுக்குச் சத்தம் கேட்காமல் இருக்கக் கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விழித்ததும், ஹாலில் படுத்த இடத்திலிருந்தே, போர்வைக்குள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

அடுக்களையில் விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜ் திறந்து மூடியது. அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். அதில் பாலை ஊற்றி, இரண்டு பொறை ரொட்டியைப் பிட்டுப் போட்டு, தரையில் வைத்தாள்.

"வாலே நங்கு," என்றாள் மெதுவாக. "சத்தம் காட்டாம தின்னு. நாங்க எல்லாரும் கெளம்பிப் போயிருவோம், ஷீஜா அப்பா ஒறங்கிருவாவ, பகலெல்லாம் ஒனக்கு யாரு தருவா? இன்னும் ஒருநாளுதான். பெரிய விளைக்குப் போயிட்டா இதெல்லாம் கெடைக்காது, பாத்துக்கோ."

நங்கூரம் சளக் சளக்கென்று குடித்தது. அம்மா அதன் தலையைத் தடவிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

இருபது நிமிடம் கழிந்தது. நங்கூரம் ஹாலுக்கு வந்து தரையை மோந்தது. ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றுக்கு முன்னால் ஷீஜா போர்வையோடு பாய்ந்து, அதைத் தூக்கிக்கொண்டு உடைமரத்துக்கு ஓடினாள். பால் பாக்கெட் போடும் செல்லப்பாண்டி அண்ணாச்சி, ஓடும் போர்வையைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

அன்று வீடு காய்ந்து கிடந்தது.

எல்லாரும் கேட்டார்கள், எப்படி என்று. ஷீஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலேயே கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெபினிடம் மட்டும் விஷயம் போனால், அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெறும் வரைக்கும் கேலி செய்வான். ஷீஜா கதவோரம் போனாள். நோட்டை எடுத்து, ஓரத்தில் புதிதாக இரண்டு கோடு போட்டாள்.

'சரக்கு ஏற்றிய நேரம்: காலை 5.05. ஏற்றியவர்:' என்று எழுதி, அதற்கு நேரே இடம் விட்டாள். அதற்குக் கீழே, 'ஏற்றி இருபது நிமிடத்தில் இறக்க வேண்டும்' என்று எழுதி, நோட்டை ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது மணி ஐந்து நாற்பது. தலையணைக்கு அடியில் கடிகாரம் அடித்து ஓய்ந்திருந்தது. ஷீஜா பதறி எழுந்து தரையைத் தடவினாள். காய்ந்திருந்தது. மூலையைப் பார்த்தாள். நங்கூரம் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

வாசலுக்கு ஓடினாள். உடைமரத்துக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நைட்டிக்கு மேலே துண்டு, கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் நங்கூரம். அம்மா அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாய வெளிய கொண்டு வந்தியளா?" என்று சைக்கிளில் வந்த செல்லப்பாண்டி அண்ணாச்சி கேட்டார்.

"நானா? சும்மா காத்து வாங்க வந்தேன் அண்ணாச்சி," என்றாள் அம்மா.

அண்ணாச்சி சங்கிலியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷீஜா உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள். விட்டிருந்த இடத்தில், டீச்சரின் வட்ட வட்டமான எழுத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ஜீவமணி.' அவள் எழுதிய 'இருபது நிமிடத்தில்' என்ற வரிக்கு நேரே ஒரு பெரிய சரி அடையாளமும் போட்டிருந்தது.

கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, ஜேசுபாதம் பெரியப்பாவின் வேன் வந்து நின்றது. இறங்கியவரின் கையில் கருப்பட்டிப் பெட்டி, தோளில் நாயைப் படுக்கவைக்க ஒரு சாக்கு.

"என்னம்மா ஜீவமணி, நாயக் கொண்டா, ஏத்திருவோம்," என்றார்.

அம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எந்த நாய் அத்தான்?"

எந்த நாய் என்றால், அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில், வாசல்படிக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்த நாய்தான். பெரியப்பா நகரச் சொன்னார். நகரவில்லை. சாக்கை ஆட்டினார். நகரவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தாண்டித்தான் சாப்பிட உள்ளே வந்தார்.

மாலையில் வேன் தெருமுனை திரும்பியதும் ஷீஜா பேனாவை எடுத்து எழுதினாள்:

'பெரியப்பா வேன். வரும்போது: கருப்பட்டி ஐந்து கிலோ. போகும்போது: காலி.'