பதிலுக்கு ஒன்று

அவள் தன்னைப் பற்றி இரண்டு தடவை சொல்லி முடித்தாயிற்று. வீட்டுக்காரம்மா விட்டபாடில்லை.

“இன்னொரு தடவை சொல்லும்மா. நிதானமா, கொஞ்சம் சத்தமா.”

காது மந்தமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு மறுபடி ஆரம்பித்தாள். “ஊர் ஊரா சுத்தறது எனக்குப் பிடிக்கும். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படின்னு கேட்டுட்டே இருப்பேன். பிளாஸ்டிக் உபயோகிக்க மாட்டேன். புதுசா எதையும் வாங்கவும் மாட்டேன். ஏதாவது வேணும்னா இருக்கறவங்ககிட்ட எடுத்துக்கிட்டு, பதிலுக்கு என்னோடது ஒண்ணைக் குடுத்துடுவேன்.”

விருந்தினரைக் காசு வாங்காமல் தங்கவைக்கும் இணையதளத்தில் போடுவதற்காக, எழுதி எழுதி அழித்து அவள் தயார் செய்த அறிமுகம் அது. அலுவலகத்தில் அவளுக்குத் ‘துணிப்பை’ என்று பட்டப்பெயர். அதைக்கூட விடாமல் பெருமையாகச் சேர்த்திருந்தாள். எத்தனையோ வீட்டுக்காரர்கள் கண்டுகொள்ளவே இல்லை. இவர்கள் மட்டும்தான் உடனே ‘வாம்மா’ என்று பதில் போட்டவர்கள். “முன்னேபின்னே தெரியாதவங்க வீட்டுல போய் உக்காரப் போறியா?” என்று அம்மா போனில் புலம்பித் தீர்த்தாள். நாலு நாளில் திரும்பிவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இறங்கி நடந்த வழியில், தூறலில் நனைந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் உறையை வழக்கம்போலக் குனிந்து எடுத்து, உதறி, மடித்துப் பைக்குள் போட்டாள். அப்போது இந்த வீட்டு ஜன்னல் திரை லேசாக அசைந்ததைப் பார்த்தாள். பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்த ஜன்னல் இருந்த உள்ளறையிலிருந்து யாரோ முணுமுணுப்பது கேட்டது.

“...பதிலுக்கு என்னோடது ஒண்ணைக் குடுத்துடுவேன்...”

“எங்க பொண்ணு,” என்றார் வீட்டுக்காரர், தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல். “சின்ன வயசிலேருந்து கால் சரியில்லை. வெளியில போனதே இல்லை. வெளியூர்க் கதைன்னா அவளுக்கு உசிரு.”

அட பாவமே என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது. அந்த இளக்கத்தில்தான், நனைந்த ஜாக்கெட்டைக் காயப்போட வாங்கிய வீட்டுக்காரம்மா, “இதை அவ வச்சுக்கட்டுமாம்மா? பதிலுக்கு அவளோடதைப் போட்டுக்கோ” என்று சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை ஒன்றை நீட்டியபோது, கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். மருந்து நெடியும் மெஷின் எண்ணெய் வாடையும் வெயில் படாத துணியின் புழுக்கமும் அதில் கலந்து வீசின. முழங்கை மடிப்புகள் ஏற்கெனவே அவள் கைக்கென்று படிந்துபோனவை மாதிரி இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது, சுவருக்கு அப்பால் ஒரு கால் ஊன்றும் சத்தமும், மறு கால் தரையில் இழுபடும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. கேட்டபடியே தூங்கிப்போனாள்.

காலையில் வாசலில் அவளுடைய ஷூவைக் காணோம். அந்த இடத்தில், வீட்டுக்குள் போடும் ஒரு ஜோடிச் செருப்பு. வலது செருப்பின் ஓரம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது.

“நீதானேம்மா சொன்னே, மாத்திக்குவேன்னு?” என்றாள் வீட்டுக்காரம்மா, அதில் என்ன ஆச்சரியம் என்கிற மாதிரி.

கேட்டுவிட்டல்லவா எடுக்க வேண்டும்! சண்டை போடலாமா என்று பார்த்தாள். நடக்க முடியாத பெண்ணோடு ஒரு ஷூவுக்கா மல்லுக்கட்டுவது என்று கூச்சமாக இருந்தது. செருப்பில் காலை நுழைத்தாள். கச்சிதமாக இருந்தது.

மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது தலைமாட்டில் வேறு மூக்குக்கண்ணாடி இருந்தது. கனத்த சட்டம், தடித்த வில்லை. இதைப் போட்டால் தலை சுற்றும் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டாள்.

எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

இனி ஒரு நிமிஷமும் இங்கே இருக்கக் கூடாது. பையைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் இல்லை. போனும் பையில்தான் இருந்தது. முன்னறைக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நான் கிளம்பணும். என் பை எங்கே?”

“அவகிட்ட இருக்கு.”

“அதுக்குப் பதிலா நான் எதையும் வாங்கிக்கலையே!”

“அது எப்படிம்மா? அவ தன் ரூமையே உனக்கு ஒழிச்சுக் குடுத்துட்டாளே.”

வீட்டுக்காரர் மெஷின் மிதிப்பதை நிறுத்தினார். உள்ளறையில் யாரோ நடந்தார்கள். ஊன்றும் சத்தம். மறுபடி ஊன்றும் சத்தம். இழுபடும் சத்தமே இல்லை.

வாசல் கதவு விரியத் திறந்துதான் இருந்தது. வெயில் அடித்தது. தெருக்கோடியில் பஸ் ஹாரன் கேட்டது. பை போனால் போகட்டும். ஓடினால் போதும்.

ஓடினாள்.

தரையில் ஏதோ இழுபட்டது. குனிந்து பார்த்தாள்.

அவள் கால்.

மறுபடி தூக்கப் பார்த்தாள். வரவில்லை. சுவரைப் பிடித்தாள். நிலைப்படிக்கு இன்னும் கொஞ்சம் தூரம்தான். கொஞ்சம்தான். முட்டி மடங்கியது. விழுந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. அவளுடைய ஜாக்கெட். அவளுடைய ஷூ. அவளுடைய கண்ணாடி. தோளில் துணிப்பை. முகம் மட்டும் வேறு. ஆனால் அந்த முகத்தில் இருந்த சிரிப்பு அவளுடையது.

பைக்குள் போன் அடித்தது. அந்த வீட்டு மகள் எடுத்து, விழுந்து கிடந்தவளுக்கும் கேட்கட்டும் என்பது போல ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, கிளம்பிட்டேம்மா.”

“என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“மழையில நனைஞ்சுட்டேன்.”

“நான் சொன்னா எங்க கேக்கறே? பத்திரமா வா, கண்ணு.”

“அம்மா!” என்று தரையில் கிடந்தவள் உயிரைக் கொடுத்துக் கத்தினாள். வெளியே வந்தது கரகரப்பான, பழகாத ஒரு குரல். அவளே திடுக்கிட்டாள்.

“யாருடி அது, இப்படிக் கத்தறது?”

“இந்த வீட்டுப் பொண்ணும்மா. பாவம், உடம்பு சரியில்லை.”

“ஐயோ பாவமே. நீ கிட்டப் போகாதே. உடனே பஸ்ஸைப் பிடி.”

வீட்டுக்காரம்மா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கை அத்தனை இதமாக இருந்தது. “வாம்மா, உள்ளே போலாம். தரை ஈரம், உனக்கு ஆகாது.” உள்ளறைக் கட்டிலில், நடுவே பள்ளம் விழுந்த மெத்தையில், அவளை உட்காரவைத்தாள். வெளியே தாழ் விழுந்தது. தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

திரையை விலக்கினாள். தெரு தெரிந்தது. பஸ்ஸை நோக்கி அந்தப் பெண் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். தேங்கிய தண்ணீரை ஒரே தாவலில் தாண்டினாள். வழியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்டதும் நின்றாள்.

குனிந்து எடுத்தாள். உதறினாள். மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் ஏறினாள்.